காவ் யாய் ஆட்டுப் பண்ணைக்குப் போகலாமா? ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

கேள்வி இதுதான். மே விடுமுறையில் சென்னை அண்ணா நகரிலிருந்து ஒரு குடும்பம் பாங்காக் போகிறது. கணவன், மனைவி, ஒன்பது வயதுப் பெண், நாலு வயதுப் பையன், முழங்கால் வலியுள்ள மாமியார். பாங்காக்கிலிருந்து சற்றுத் தள்ளி, காவ் யாய் என்ற மலைக்காட்டுப் பக்கத்தில் இத்தாலியக் கிராமம் போலக் கட்டிய ஓர் இடம், அங்கே செம்மறியாடும் அல்பாக்காவும் திரிகின்றன என்று படம் பார்த்திருக்கிறார்கள். போகலாமா, ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா, பிள்ளைகள் விலங்குகளைத் தொடலாமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்கிறார்கள்.

தாராளமாகப் போகலாம். ஆனால் ஒரே நாளில் வேண்டாம், முடிந்தால் மே மாதத்திலும் வேண்டாம். பிள்ளைகள் தொடலாம், அதற்கு ஒரு முறை இருக்கிறது. சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். நான் வேப்பேரியில் படித்த கால்நடை மருத்துவன். அதனால் இந்தப் பதிலில் கட்டடத்தை விட ஆடு அதிகம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் படத்தில் பார்த்தது ப்ரிமோ பியாசா என்ற இடமாக இருக்கும். நக்கோன் ராட்சசிமா மாகாணத்தின் பாக் சோங் வட்டாரத்தில் இருக்கிறது. கல் பாவிய முற்றம், ஓட்டுக் கூரை, வளைவு வாசல்கள், உட்கார்ந்து காபி குடிக்க இடம், அதை ஒட்டி ஆடு, அல்பாக்கா, கழுதை. அந்த வட்டாரத்துக்கே இத்தாலி மோகம் உண்டு. பாலியோ என்று ஒரு கடைத்தெரு, டோஸ்கானா வேலி என்று ஒரு விடுதியும் குடியிருப்பும், பக்கத்திலேயே பிபி வேலி, கிரான்மான்டே என்று திராட்சைத் தோட்டங்கள். பாங்காக்வாசிகள் வார இறுதியில் காரை எடுத்துக்கொண்டு வரும் ஊர் இது.

ஐரோப்பாவைப் பார்த்த திருப்தி வேண்டும் என்று போனால் ஏமாற்றம்தான். வடபழனி ஸ்டுடியோவில் நன்றாகப் போட்ட செட் மாதிரி இருக்கும். சுவரைத் தட்டிப் பார்க்கக் கூடாது. விலங்குகளும் இத்தாலிக்குச் சொந்தமில்லை. இத்தாலியின் உண்மையான டஸ்கனி வட்டாரத்தில் செம்மறி வளர்ப்பது முக்கியமாகப் பாலுக்கு. அந்தப் பாலில்தான் பெகொரினோ என்ற பாலாடைக்கட்டி செய்கிறார்கள். இங்கே நிற்கும் மெரினோ என்ற கம்பளிச் செம்மறியோ ஸ்பெயின் நாட்டு இனம். பதினெட்டாம் நூற்றாண்டு வரை அதை வெளிநாட்டுக்கு விடாமல் ஸ்பெயின் மன்னர்கள் பூட்டி வைத்திருந்தார்கள். அப்புறம் மெல்ல மற்ற நாடுகளுக்குப் பரவி, 1797-ல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. அல்பாக்காவுக்குப் பூர்வீகம் பெரு, பொலிவியா பக்கத்து ஆண்டீஸ் மலை, ஒட்டகக் குடும்பம். ஆக, இத்தாலியச் சுவருக்குள் ஸ்பானிய ஆடு, பெருவிய ஒட்டகச் சொந்தம், தாய்லாந்துப் பராமரிப்பாளர், பார்க்க வந்த அண்ணா நகர்க் குடும்பம். இதில் எனக்குப் புகார் எதுவும் இல்லை, வேடிக்கையாகத்தான் இருக்கிறது. இந்த இடத்தின் சரக்கு கட்டடம் இல்லை, நேரம். அவசரமில்லாமல் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, பிள்ளைகள் ஆட்டோடு இருப்பதைப் பார்ப்பதற்கான இடம் அது. சுற்றுலா வேனில் நாலு இடத்துக்கு நடுவே முக்கால் மணி நேரம் இறக்கிவிட்டால் படம் எடுப்பதற்குள் ஹாரன் அடித்துவிடுவார்கள். அப்படிப் போவதற்குப் போகாமலே இருக்கலாம்.

நிஜமான ஐரோப்பா அந்தப் பாதையிலேயே வேறோர் இடத்தில் இருக்கிறது. அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. பாங்காக்கிலிருந்து மித்ரபாப் நெடுஞ்சாலையில் வரும்போது பாக் சோங்குக்குச் சற்று முன்னால் முவாக் லெக் என்று ஒரு ஊர் வரும், சரபுரி மாகாணம். தாய்லாந்தில் பசுவின் பால் குடிக்கும் பழக்கமே பெரிதாக இல்லாத காலத்தில், 1960-ல் டென்மார்க் போன மன்னர் பூமிபோல் அங்கே பால் பண்ணைகளைப் பார்த்து ஆர்வமாகிவிட்டார். டென்மார்க் ஆட்கள் வந்தார்கள், செந்நிற டேனிஷ் பசுக்கள் வந்தன. 1962 ஜனவரி 16-ம் தேதி மன்னர் பூமிபோலும் டென்மார்க் மன்னர் ஒன்பதாம் ஃபிரடெரிக்கும் சேர்ந்து தாய்-டேனிஷ் பால் பண்ணையை அங்கே திறந்து வைத்தார்கள். 1971-ல் அது தாய்லாந்து அரசின் பால் வள நிறுவனமாக மாறியது. பாங்காக்கில் எந்தக் கடையிலும் சிவப்புப் பசு படம் போட்ட தாய்-டென்மார்க் பால் டப்பாவைப் பார்க்கலாம். அந்தப் பசு அப்படி வந்ததுதான். முவாக் லெக்கில் பண்ணையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களையும் சேர்க்கிறார்கள். முன்பே கேட்டுவிட்டுப் போனால் நல்லது. முடியாவிட்டால் ஊரிலேயே ஒரு டப்பா பால் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

நமக்கும் இப்படி ஒன்று உண்டு என்பதால்தான் இதில் இவ்வளவு நின்றேன். மூணாறுக்குப் போகிற சென்னைக்காரர்கள் மாட்டுப்பட்டி அணையில் படகு விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அதற்குப் பக்கத்தில்தான் 1963-ல் இந்திய-சுவிஸ் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் பிரவுன் சுவிஸ் காளைகளைக் கேரளத்து நாட்டுப் பசுக்களோடு சேர்த்ததில் தொடங்கி வந்ததுதான் சுனந்தினி என்ற பசு. பால் கூடியது.

சரி, ஆட்டுக்கு வருவோம்.

சென்னைப் பிள்ளைகளுக்கு மெரினோ ஏன் அதிசயம் என்றால், நம்மைச் சுற்றி இருக்கும் செம்மறிக்குக் கம்பளியே கிடையாது. திருவள்ளூர், செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் மேய்வது மெட்ராஸ் ரெட் என்ற இனம். செம்பழுப்பு நிறம், குட்டை முடி, இறைச்சிக்கு வளர்ப்பது. சேலத்து மேச்சேரியும் அப்படித்தான். வேலூர்ப் பக்கம் காரில் போகும்போது ரோட்டைக் கடக்கும் மந்தையைக் காட்டி "செம்மறி" என்றால் பிள்ளைகள் நம்புவதில்லை. அவர்களுக்குப் படப் புத்தகத்தில் இருப்பது வெள்ளைப் பந்து. அந்தப் பந்தை நேரில் பார்க்கும் நேரம் வீணாகக் கூடாது.

பராமரிப்பாளரிடம் சைகையில் அனுமதி கேட்டுவிட்டு, அமைதியாக நிற்கும் ஓர் ஆட்டின் விலாப் பக்கம் ரோமத்தை இரண்டு கையாலும் வகிடு எடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். வெளியே பார்த்தால் அழுக்குச் சாம்பல், வைக்கோல் தூசி, பெரிதாக அழகில்லை. அரை விரல் ஆழம் பிரித்தால் உள்ளே பளிச்சென்று பாலாடை நிறம். இழை ஒவ்வொன்றும் நெளிநெளியாக அடுக்கியிருக்கும், அடியில் இளஞ்சிவப்புத் தோல் தெரியும். விரல் நுனியில் பிசுபிசுப்பு ஒட்டும். அதுதான் லானோலின், நீங்கள் உதட்டுக்குப் பூசும் களிம்பில் இருப்பது. மெரினோ இழையின் தடிமன் சாதாரணமாக 17 முதல் 22 மைக்ரான் வரை; நம் தலைமுடி அதைப்போல மூன்று மடங்கு இருக்கும். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இது போதும், ஒரு வருடத்துக்குப் பள்ளியில் சொல்லிக்கொண்டிருப்பாள். இந்த ரோமம் தானாக உதிராது, வருடத்துக்கு ஒரு முறை கத்தரித்தே ஆக வேண்டும். கத்தரிக்காமல் விட்டால் ஆடு நடக்கக்கூடத் திணறும்.

தீவனம் கொடுக்கும்போது உள்ளங்கையைத் தட்டையாக, விரல்களை ஒட்டி நீட்ட வேண்டும். செம்மறிக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை, கெட்டியான ஈறு மட்டுமே. பிளந்த மேலுதட்டால் ஒவ்வொரு உருண்டையாகத் துழாவி எடுக்கும். ஈரமும் சூடும் கூச்சமுமாக இருக்கும். உங்கள் பையன் கத்தப் போகிறான், கத்தட்டும். விரலை வாய்க்குள்ளே விட்டால்தான் ஆபத்து, பின்னால் கடைவாய்ப் பல் வலுவாக இருக்கிறது. ஆட்டின் கண்மணி படுத்த செவ்வகம். தலையைத் திருப்பாமலே பின்பக்கம் வரை பெரும்பகுதி அதற்குத் தெரியும், ஆனால் நேர் பின்னால் தெரியாது. அதனால் பக்கவாட்டில், தெரிகிற மாதிரி நடந்து போகச் சொல்லுங்கள். நாலு வயதுக்காரன் கையில் தீவனக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் தள்ளி நின்று படம் எடுக்காதீர்கள். பெரிய ஆடு நாற்பது, ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும். நாலைந்து சேர்ந்து கிண்ணத்தை நோக்கி வந்தால் பையன் கீழே. கிண்ணம் உங்களிடம் இருக்கட்டும், அவன் கையில் ஒரு பிடி மட்டும்.

வேறு எதையும் கொடுக்கக் கூடாது. பையில் இருக்கிற பிஸ்கட், ரொட்டி, வாழைப்பழம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளும் கால்நடை மருத்துவர்களுக்கு வேலை எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? அன்பாகப் பானை நிறையப் பொங்கலை ஊட்டிவிடுவார்கள். மாவுச்சத்து வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகி, மாடு அசைபோடுவதை நிறுத்திப் படுத்துவிடும். உயிரே போவதும் உண்டு. ஆட்டுக்கும் அதே அசைபோடும் வயிறு, இன்னும் சின்னது. நூறு பேர் ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அல்பாக்காவுக்கு வேறு மரியாதை. தலையையும் காதையும் தொட்டால் அதற்குப் பிடிக்காது. கழுத்தின் கீழ்ப்பகுதி, தோள், அவ்வளவுதான். காதைப் பின்னால் மடக்கி, முகவாயைத் தூக்கினால் துப்பப் போகிறது என்று அர்த்தம், ஒரு அடி நகர்ந்துவிடுங்கள். பெரும்பாலும் அவை தங்களுக்குள்தான் துப்பிக்கொள்ளும், குறுக்கே நிற்பவருக்கும் கொஞ்சம் கிடைக்கும். வயிற்றிலிருந்து வருவது, நாற்றம் சட்டையை விட்டுப் போகாது. காது கொடுத்துக் கேட்டால் "ம்ம்" என்று மெல்ல முனகிக்கொண்டே இருக்கும், அதுதான் அவற்றின் பேச்சு. இன்னொரு நல்ல பழக்கம், எல்லாம் ஒரே மூலையில் போய்ச் சாணி போடும். மனிதர்களுக்குக் கற்றுக்கொடுக்க நாம் சுவரில் எழுதி வைக்கிறோம்.

முயல் இருந்தால் பிள்ளைகள் தூக்காமல் தரையில் உட்கார்ந்து தடவட்டும். பிடி தவறிப் பின்னங்காலை உதைத்தால் முயலின் முதுகெலும்பே முறியும். கழுதைக்கும் குதிரைக்கும் பின்னால் போகாதீர்கள், அதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இந்த மாதிரிப் பண்ணைகள் எல்லாமே நன்றாக நடப்பதில்லை. சா-அம் கடற்கரை ஊரில் ஸ்விஸ் ஷீப் ஃபார்ம் என்று ஒன்று உண்டு, பட்டாயா பக்கமும் ஆட்டுப் பண்ணை உண்டு. எங்கே போனாலும் உள்ளே நுழைந்ததும் முதல் பத்து நிமிடம் நான் பார்ப்பவற்றை நீங்களும் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியில் பாசி இல்லாமல் தண்ணீர் இருக்கிறதா? எல்லா ஆடும் ஒரே நேரத்தில் படுக்கிற அளவுக்கு நிழல் இருக்கிறதா? மெரினோ உடம்பு முழுக்கக் கம்பளி சுமக்கும் ஆடு, தாய்லாந்து வெயிலில் அதற்கு நிழலும் காற்றும் உணவுக்குச் சமம். விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணுங்கள். நிம்மதியாக இருக்கும் ஆடு நிமிடத்துக்கு இருபது, முப்பது முறை மூச்சு விடும். எண்பதைத் தாண்டினால் சூட்டில் தவிக்கிறது. வாயைத் திறந்து இளைத்தால் நிலைமை மோசம். முன்னங்கால் முட்டியை ஊன்றி மேய்கிற ஆடு இருந்தால் குளம்பில் நோவு. கூட்டத்தை விட்டு ஒதுங்கிப் போய் நிற்க ஓர் இடம் அவற்றுக்கு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்படி இடம் இருந்தும் தாங்களாக உங்களிடம் வந்தால் நீங்கள் நல்ல பண்ணையில் இருக்கிறீர்கள்.

எனக்குப் பிடிக்காதது பால் புட்டி. குட்டிக்கு ஊட்டப் புட்டிப் பாலைக் காசுக்கு விற்பார்கள். எங்கோ ஒரு பண்ணையில் ஒரே குட்டிக்கு வரிசையாக ஏழெட்டுக் குடும்பம் புட்டி நீட்டியதைப் பார்த்திருக்கிறேன். குட்டி நிறுத்தாது, அதற்கு அளவு தெரியாது. வயிறு உப்பி, மறுநாள் கழிச்சல். பிள்ளைகள் ஆசைப்பட்டால், அந்தக் குட்டி இன்று எத்தனை முறை குடித்தது என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் வாங்காதீர்கள். வாங்கினால் புட்டியைத் தாய் மடி உயரத்தில் பிடியுங்கள். தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் புரையேறி நுரையீரலுக்குப் போகும்.

நாலு வயதுப் பையன் இருப்பதால் இந்த ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: கை கழுவுவது. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் ஆட்டின் ரோமத்திலும் வேலியிலும்கூட இ-கோலை, சால்மொனெல்லா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற வயிற்றுப்போக்குக் கிருமிகள் இருக்கலாம். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத்தான் இவற்றால் அதிகத் தொல்லை. பையில் சானிடைசர் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம், கிரிப்டோஸ்போரிடியத்துக்கு அது ஒன்றும் செய்யாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான். கழுவிய பிறகுதான் ஐஸ்கிரீம். விலங்குகள் இருக்கும் வேலிக்குள் சாப்பாடு, தண்ணீர் பாட்டில், விரல் சூப்புவது எதுவும் கூடாது. உங்களோடு வருகிறவர்களில் யாராவது கர்ப்பமாக இருந்தால், குட்டி ஈன்ற ஆடு, பிறந்த குட்டி பக்கம் போகாமல் முற்றத்திலேயே உட்காரட்டும். கருவுக்கு ஆபத்தான சில கிருமிகள் ஆட்டின் பிரசவ நீரில் வரும். நாயோ குரங்கோ கடித்தால், கீறினால் தாய்லாந்திலும் நம்மூர் விதிதான்: 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே மருத்துவமனை. காவ் யாய் தேசியப் பூங்காச் சாலையில் குரங்குகள் காருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், கண்ணாடியை இறக்காதீர்கள்.

இப்போது எப்போது போவது என்பது. மே வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் வெயில். மலைப் பக்கம் என்பதால் ஊட்டிக் குளிரை எதிர்பார்த்துவிடுகிறார்கள். பாக் சோங் கடல் மட்டத்திலிருந்து சில நூறு மீட்டர்தான். மார்ச் முதல் மே வரை பகலில் நம்மூர் வெயிலுக்கு அதிகம் குறைவில்லை, அப்புறம் அக்டோபர் வரை மழை. நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் காற்று இதமாக இருக்கும். ராத்திரி ஸ்வெட்டர் தேவைப்படும். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் சென்னைக் குடும்பத்துக்கு அரையாண்டு விடுமுறை அல்லது பொங்கல் விடுமுறை. அரையாண்டில் போனால் டிசம்பர் கடைசி இரண்டு மூன்று நாட்களைத் தவிருங்கள், புத்தாண்டுக்குப் பாங்காக்கே காலியாகி அந்தச் சாலையில்தான் நிற்கும். ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை தாய்லாந்தில் குழந்தைகள் தினம், அன்றும் வேண்டாம். நம் சித்திரைப் புத்தாண்டோடு சேர்ந்து வரும் சோங்க்ரான், ஏப்ரல் 13 முதல் 15 வரை, அப்போது மித்ரபாப் சாலைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள். எந்த மாதமானாலும் வார நாள்தான்.

டிக்கெட் மே மாதத்துக்கு எடுத்தாகிவிட்டது என்றால், மாலை நாலு மணிக்கு மேல் உள்ளே போங்கள். மனிதருக்கும் ஆட்டுக்கும் அதுதான் நல்லது.

பாங்காக்கிலிருந்து பாக் சோங் கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் இரண்டரை, மூன்று மணி நேரம். போக வர ஆறு மணி நேரம் என்றால் மாமியாரின் முழங்கால் என்ன சொல்லும் என்று அவரையே கேளுங்கள். ஒரு ராத்திரி தங்குவதுதான் சரி. காலைச் சாப்பாடு முடிந்து பத்து மணிக்குக் கிளம்பி, முவாக் லெக்கில் நின்று, பாக் சோங்கில் மதியச் சாப்பாடு, விடுதியில் குட்டித் தூக்கம், நாலு மணிக்குப் பண்ணை. மூடுகிற வரை அங்கேயே இருங்கள். மறுநாள் காலை தேசியப் பூங்கா: 1962-ல் அறிவித்த தாய்லாந்தின் முதல் தேசியப் பூங்கா, அதைச் சேர்ந்த காட்டுத் தொகுதி 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில். வெளிநாட்டவருக்கு நுழைவு 400 பாட், பிள்ளைகளுக்கு 200. அதற்குப் பதில் ஃபார்ம் சோக்சாய் போகலாம். உண்மையாகவே பெரிய பால் பண்ணை. வண்டியில் ஏற்றிச் சுற்றிக் காட்டிப் பால் கறக்கவும் விடுவார்கள். நேரம் குறித்து அழைத்துப் போகும் சுற்று என்பதால் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டையும் ஒரே காலையில் திணிக்க வேண்டாம்.

போக்குவரத்துக்கு டிரைவரோடு வேன் அமர்த்துவதுதான் உங்கள் ஐந்து பேருக்கும் ஏற்றது. ரயில் உண்டு. பாங்காக்கின் க்ருங் தெப் அபிவத் நிலையத்திலிருந்து வடகிழக்குப் பாதையில் பாக் சோங்கில் இறங்கலாம், பயணமும் அழகு. ஆனால் இறங்கிய பிறகு பண்ணைகள் ஆளுக்கொரு மூலையில் இருக்கின்றன. பாங்காக்கில் போல ஆப்பில் அழைத்தால் கார் வந்து நிற்கும் என்று நம்ப முடியாது. கல் பாவிய முற்றம் பார்க்க அழகு, முழங்காலுக்கு அழகில்லை. மாமியாருக்குப் பட்டையான அடியுள்ள செருப்பு, நிழலில் ஒரு நாற்காலி, கையில் காபி. அவர் ஊரில் மாடு வளர்த்தவராக இருந்தால் பராமரிப்பாளரை விட அவருக்கு நிறையத் தெரிந்திருக்கும். பேத்தியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

சாப்பாடு. தாய்லாந்து உணவில் காய்கறி என்று எழுதியிருந்தாலும் மீன் சாறோ சிப்பிச் சாறோ சேர்ந்திருக்கும். மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்துள்ள "ஜே" பலகை இருக்கும் கடையில் மீனும் முட்டையும் கிடையாது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. மாமியார் விரதம் இருப்பவரானால் அதுவும் வசதி. காவ் யாய் பக்கம் இத்தாலியக் கடைகள் அதிகம், பீட்சாவும் பாஸ்தாவும் எங்கும் கிடைக்கும். கறாரான சைவர்களுக்கு ஒரு தகவல்: அசல் பார்மிஜானோ சீஸைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால்தான் உறைய வைக்கிறார்கள். தெரியாமல் சாப்பிட்டுவிட்டு அப்புறம் வருத்தப்பட வேண்டாம். கடைத் தயிர் பெரும்பாலும் இனிப்பாக இருக்கும், டப்பாவைப் பார்த்து வாங்குங்கள். சின்ன ரைஸ் குக்கரும் பருப்புப் பொடியும் எடுத்துப் போகிற சென்னைக் குடும்பங்களைச் சிலர் கிண்டல் செய்வார்கள். நான் செய்யமாட்டேன்.

விமானம் ஏறும் முன் தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். 2025 மே 1 முதல் இது வெளிநாட்டவர் எல்லாருக்கும் கட்டாயம். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அரசின் தளத்தில், இலவசமாக. காசு கேட்கிற தளம் அரசுத் தளம் இல்லை.

எல்லாம் படித்துவிட்டு "இந்த மே மாதத்துக்கு இவ்வளவு தூரம் வேண்டாம், ஆடு பார்த்தால் போதும்" என்று தோன்றினால் கொடைக்கானல் போங்கள். ஊரிலிருந்து 35 கிலோமீட்டர் வாக்கில் மன்னவனூர். அங்கே மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் 1965 முதல் இருக்கிறது. ராஜஸ்தானின் சோக்லா, நாலி ஆடுகளோடு மெரினோவையும் ரம்புயே என்ற பிரெஞ்சு இனத்தையும் சேர்த்து உருவாக்கிய பாரத் மெரினோ மந்தை அங்கே மேய்கிறது, முயல்களும் உண்டு. வளைந்து போகும் புல்வெளி, தூரத்தில் ஏரி. ஒரு ஓட்டுக் கூரைகூடப் போலியாகக் கட்டாமல் ஐரோப்பா மாதிரியே இருக்கும். ஆராய்ச்சி மந்தை என்பதால் கையிலிருந்து எதையும் ஊட்டக் கூடாது, பார்ப்பதோடு சரி. எழும்பூரில் ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலையில் கொடை ரோடு. 2024 மே முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும், அதைக் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.

தாய்லாந்துக்கே போவதென்றால் கடைசியாக ஒன்று. கோமாரி நோய் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு, செருப்பு மண்ணில் பயணம் செய்யும். பண்ணைக்குப் போட்ட செருப்பை விடுதியிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் காயவைத்து எடுத்து வாருங்கள். திரும்பி வந்த வாரத்தில் சொந்த ஊர் போய் மாட்டுக் கொட்டகைக்குள் அதே செருப்போடு நுழையாதீர்கள்.